விழும் கெர்னலின் கடைசிக் குறிப்பு

மேட்டூர் அணையில் வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படும் தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்கள் வழியாக இறங்கிக் கடைமடை வயலை நனைப்பதற்குள் பல நாள் ஓடிவிடும். எவ்வளவு தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எப்போது வடிந்தது என்பவைதான் கடைமடையில் ஓயாமல் எழும் கேள்விகள். அவற்றுக்கு எண்ணால் பதில் சொல்வதற்காக, மன்னார்குடியில் இருந்து வேலை செய்யும் எங்கள் சிறு குழு, தலைஞாயிறு பக்கம் ஒரு வாய்க்கால் மதகில் நீர்மட்டப் பதிவுக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தது. தண்ணீருக்கு மேலே தொங்கும் ஒரு சென்சார், லினக்ஸ் ஓடும், ஆர்ம் என்ற சிபியு வகையைச் சேர்ந்த 64 பிட் போர்டு, சிம் போட்ட மோடம், சோலார் பலகை, பேட்டரி ஆகியவை கொண்ட பெட்டி அது. கால் மணிக்கு ஒரு முறை அது நீர்மட்டத்தை அனுப்ப வேண்டும். சில இரவுகளில் அனுப்பவில்லை. காலையில் பார்த்தால் கருவி தானாக மறுதொடக்கம் ஆகி ஓடிக்கொண்டிருக்கும். ஏன் விழுந்தது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

அந்த ஒரு வரி ஏன் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். கருவி விழுந்ததற்குக் காரணம் ஒன்று. விழுந்ததை எழுதிவைக்க வேண்டிய குறியீடு, எழுதும் நேரத்தில் தானும் விழுந்ததற்குக் காரணம் வேறொன்று. இரண்டாவது பிழை முதல் பிழையை முழுமையாக மறைத்துவிடுகிறது என்பதால், என் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிய பிழை.

முதலில் சற்றுப் பின்னணி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், தன் செய்திகள் எல்லாவற்றையும் நினைவகத்தில் உள்ள ஒரு வளையப் பஃபரில், அதாவது நிரம்பியதும் மீண்டும் தொடக்கத்தில் இருந்தே எழுதப்படும் இடத்தில், எழுதிக்கொண்டே வரும். சாதாரணக் காலத்தில் ஒரு சேவை நிரல் அதைப் படித்து வட்டில் கோப்பாகச் சேமிக்கிறது. ஆனால் கெர்னலே தவறான முகவரியைத் தொட்டு விழும்போது, ஊப்ஸ் எனப்படும் பிழை அறிக்கையும், இனித் தொடர முடியாது என்று அதற்குப் பின்வரும் பேனிக் செய்தியும் அந்த வளையப் பஃபருக்குள் போய்ச் சேருமே தவிர, அவற்றை எடுத்துக் கோப்பில் எழுத ஆள் இருக்காது. வட்டு டிரைவரும் கோப்பு முறைமையும் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்று சொல்ல முடியாது. அவற்றை நம்பி எழுதப்போய், நன்றாக இருந்த தரவையும் கெடுத்துவிடக்கூடும். சீரியல் கேபிள் மாட்டி மடிக்கணினியில் பார்க்கலாம். ஆனால் மதகடியில் இரவு முழுக்க யார் உட்கார்ந்திருப்பது? 2005-இல் 2.6.13 பதிப்பில் வந்த கேடம்ப் என்ற வழி, முன்பே ஒதுக்கிவைத்த நினைவகத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்றை எழுப்பி, அதைக் கொண்டு விழுந்த கெர்னலின் நினைவகத்தைப் படிக்கிறது. விழுந்தவனை நம்பாமல் புதிய ஆளைக் கொண்டுவருவது சரியான சிந்தனை. ஆனால் நினைவகம் குறைவான சிறு போர்டுக்கு அது தாங்காது.

எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற வழி ராம்ஊப்ஸ். 2010-இல் 2.6.35 பதிப்பில் வந்த இது, 2011-இல் 2.6.39-இல் வந்த பிஸ்டோர் என்ற பொதுச் சட்டகத்துக்குள் மறு ஆண்டே, 3.5 பதிப்பில், சேர்ந்துகொண்டது. கருத்து எளிது. மின்சாரம் அறுபடாமல் மறுதொடக்கம் மட்டும் நடந்தால், டிராம் நினைவகத்தில் எழுதியது பெரும்பாலும் அழியாமல் இருக்கும். ஆகவே நினைவகத்தில் ஒரு சிறு பகுதியைக் கெர்னலின் பொதுப் பயன்பாட்டில் இருந்து விலக்கி வைத்துக்கொண்டு, விழும்போது லாக்கின் கடைசிப் பகுதியை அங்கே நகலெடுத்துவிட்டால், அடுத்த தடவை எழும் கெர்னல் அதைப் படித்துக் கோப்பாகக் காட்டும். பழைய எழுத்துதானா, வெறும் குப்பையா என்று அறிய ஒவ்வொரு பகுதியின் தலைமாட்டிலும் 12 பைட் உண்டு: நாலு பைட் அடையாள எண், நாலு பைட் தொடக்க இடம், நாலு பைட் அளவு. உண்மையான எழுத்து அதன் பிறகே தொடங்கும். இந்தப் பன்னிரண்டை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

எங்கள் கருவியில் ராம்ஊப்ஸ் இயக்கப்பட்டே இருந்தது. கருவி விழுவதும், குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் இயங்கும் வாட்ச்டாக் அதை மறுதொடக்கம் செய்வதும் நடந்தன. மின்சாரம் அறுபடவில்லை. ஆனாலும் பதிவுக் கோப்பு வெறுமையாகவே இருந்தது. மாதிரிப் போர்டு ஒன்றை மேசையில் வைத்து, சீரியல் கேபிளை மாட்டி, கெர்னலுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் சிஸ்ஆர்க்யூ வழியாகக் கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்தோம். திரையில் முதலில் நாங்கள் எதிர்பார்த்த ஊப்ஸ் வந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று தொடங்கியது. அதன் முதல் வரியில் அலைன்மென்ட் பிழை என்றும், 96000061 என்ற பதினாறடிமான எண்ணும் இருந்தன. எந்தச் செயல்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்புப் பட்டியலின் உச்சியில், நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி. அதற்குக் கீழே ராம்ஊப்ஸ் எழுதும் செயல்கூறு. அதன் பிறகு திரை அசையவில்லை. வாட்ச்டாக்கின் காலக்கெடு முடிந்ததும் போர்டு மீண்டும் எழுந்தது.

இந்த எண்ணைப் பிரித்துப் படிக்கக் கற்றுக்கொள்வது, இந்த வேலையில் இருக்கும் எவருக்கும் பயன்படும். 64 பிட் ஆர்மில் விதிவிலக்கு நேரும்போது அதன் காரணம் ஒரு பதிவேட்டில் நிற்கும். அதன் மதிப்புதான் இந்த எண். மேல் ஆறு பிட்டுகளின் மதிப்பு பதினாறடிமானத்தில் 25: கெர்னல் தன் சொந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது தரவை அணுகியதில் தடை என்று பொருள். கீழ் ஆறு பிட்டுகளின் மதிப்பு 21: முகவரி அலைன்மென்ட் தவறு. அந்த ஆறுக்கு அடுத்த பிட் 1 ஆக இருந்தால் எழுதும்போது நேர்ந்தது, 0 ஆக இருந்தால் படிக்கும்போது நேர்ந்தது. 61-இல் அது 1. ஆகவே முகவரி வரைபடத்தில் இல்லாத இடத்தைத் தொட்டதோ, அனுமதி இல்லாத பக்கத்தில் எழுதியதோ இங்கே காரணம் இல்லை. இடம் சரி, அனுமதி சரி. தொட்ட விதம் தவறு.

அலைன்மென்ட் என்பது, எட்டு பைட்டை ஒரே தடவையில் எழுதினால் முகவரி எட்டின் மடங்காக இருக்க வேண்டும், நாலு பைட் என்றால் நாலின் மடங்காக இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு. சாதாரண நினைவகத்தில் 64 பிட் ஆர்ம் சிபியு இந்த ஒழுங்கை வற்புறுத்துவதில்லை. மடங்காக இல்லாவிட்டால் தானே இரண்டு மூன்று அணுகல்களாகப் பிரித்துக்கொள்ளும். ஆனால் நினைவக முகவரிகளை நிர்வகிக்கும் பக்க அட்டவணையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வகை எழுதப்பட்டிருக்கும். சாதனம் என்ற வகை எழுதப்பட்ட பகுதியில் சிபியுவுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. குளத்துத் தண்ணீரை எந்தப் பாத்திரத்தாலும் எத்தனை தடவையும் மொண்டு கொள்ளலாம். மதகின் ஷட்டரை அப்படிக் கையாள முடியாது, ஒவ்வொரு சுற்றும் வாய்க்காலில் ஒரு விளைவு. சாதனப் பதிவேடுகளும் அப்படித்தான்: ஒரு தடவை எழுதுவதை இரண்டாகப் பிரித்தால் சாதனத்துக்கு இரண்டு கட்டளைகள் போய்விடும். அதனால் சாதன வகை நினைவகத்தில் மடங்கு தவறிய அணுகல், சிபியுவின் அலைன்மென்ட் சோதனை அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும்கூட, கட்டாயம் பிழையாகவே முடியும்.

அப்படியானால், வெறும் டிராம் நினைவகமாகிய அந்த ஒதுக்குப் பகுதிக்குச் சாதனம் என்ற வகையை யார் கொடுத்தது? நாங்கள்தான் கொடுத்தோம். ராம்ஊப்ஸுக்கு நினைவக வகையைச் சொல்லும் ஒரு அளவுரு உண்டு. இயல்பான மதிப்பு 0. அதில் எழுதப்படுபவை ஓர் இடைப் பஃபரில் சேர்ந்து மொத்தமாகப் போகும். மதிப்பு 1 கொடுத்தால் கேஷோ இடைப் பஃபரோ இல்லாமல் நேரே நினைவகத்துக்குப் போகும். ரீசெட் சட்டென்று நிகழ்ந்தால் இடைப் பஃபரில் தங்கிய கடைசி வரிகள் போய்விடுமோ என்ற கவலையில், முன்பு ஒரு 32 பிட் ஆர்ம் போர்டில் நாங்கள் 1 என்று வைத்திருந்தோம். அங்கே அது நன்றாகவே ஓடியது. புதிய 64 பிட் போர்டுக்கு மாறியபோது அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்தோம். அந்த மதிப்பு பல ஆர்ம் சில்லுகளில் வேலை செய்யாது என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை பேசுவது, நடுவில் யாரும் குறுக்கிட முடியாத அணுநிலைச் செயல்களைப் பற்றி. ஒதுக்கிய பகுதி கெர்னலின் நினைவகக் கணக்குக்கு வெளியே இருந்தால், அதைச் சாதனங்களுக்குரிய ஐஓ நினைவகமாக வரைபடமிட்டு, அணுநிலைச் செயல்களுக்குப் பதில், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டைப் பயன்படுத்தும் திருத்தம் 2013-லேயே வந்துவிட்டது. எங்கள் பகுதி அப்படி வெளியே இருந்ததால் அந்த எச்சரிக்கை எங்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தோம்.

32 பிட்டில் ஓடியது 64 பிட்டில் ஏன் விழுந்தது என்பதற்கான விடை, மெம்காப்பி என்ற ஒரே பெயருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வெவ்வேறு அசெம்ப்ளி நிரல்களில் இருக்கிறது. 32 பிட் ஆர்மின் மெம்காப்பி, எழுதப்போகும் முகவரி நாலின் மடங்காகும் வரை பைட் பைட்டாக நகர்த்தி, பிறகே நாலு நாலு பைட்டாக எழுதும். படிக்கும் பக்கம் மடங்கில் இல்லாவிட்டால், மடங்கில் உள்ள சொற்களையே படித்து, நகர்த்திச் சேர்த்துக்கொள்ளும். இரு பக்கமும் ஒழுங்கு தவறுவதே இல்லை. சாதன நினைவகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று யாரும் அதை அப்படி எழுதவில்லை. பழைய சிபியுகளால் மடங்கு தவறிய அணுகலைக் கையாள முடியாது என்பதால் அப்படி அமைந்தது. எங்கள் 64 பிட் போர்டின் கெர்னல் 4.4 வரிசையைச் சேர்ந்தது. அதன் மெம்காப்பி, படிக்கும் முகவரியை மட்டும் பதினாறின் மடங்குக்குக் கொண்டுவந்துவிட்டு, எழுதும் முகவரி எங்கே விழுந்தாலும் கவலைப்படாமல் எட்டு எட்டாக எழுதுகிறது. சாதாரண நினைவகத்துக்கு அது சரியான, வேகமான முறை.

இப்போது அந்தப் பன்னிரண்டு பைட்டை நினைத்துக்கொள்ளலாம். பகுதியின் தொடக்கம் 4096-இன் மடங்கு. எழுத்து தொடங்குவது அதற்குப் பன்னிரண்டு பைட் தள்ளி. பன்னிரண்டு நாலின் மடங்கு, ஆனால் எட்டின் மடங்கு இல்லை. ஆகவே முதல் எட்டு பைட்டை எழுதும்போதே விழுகிறது. ஒருவேளை தலைமாட்டுப் பகுதி 16 பைட்டாக இருந்திருந்தாலும் நீண்ட நாள் தப்பித்திருக்க முடியாது. ராம்ஊப்ஸ் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் நான்கு சமக்குறிகளும் நேரமும் கொண்ட ஒரு வரியை எழுதும். அந்தக் காலத்துக் குறியீட்டில் நொடியின் மைக்ரோ பின்னம் முன்சுழி இல்லாமல் அச்சிடப்பட்டதால், அந்த வரி ஒரு தடவை 24 எழுத்து, இன்னொரு தடவை 23 எழுத்து என்று மாறும். அடுத்து வரும் லாக் எங்கே தொடங்கும் என்பது, கருவி எந்த மைக்ரோ நொடியில் விழுந்தது என்பதைப் பொறுத்தது.

விழுந்த பிறகு திரை ஏன் உறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊப்ஸ் நேர்ந்ததும் பிஸ்டோர் தன் பஃபருக்கான பூட்டைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்குகிறது. எழுதும்போது மெம்காப்பி விழ, அது புதிய ஊப்ஸ் ஆகிறது. அதைப் பதிவுசெய்யவும் அதே பிஸ்டோர் அழைக்கப்படுகிறது. அது அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டை வைத்திருப்பதும் அதே சிபியு, கேட்பதும் அதே சிபியு. இனி அந்தப் பூட்டு திறக்காது. பேனிக் வழியில் வந்தால் பூட்டை முயன்று பார்த்து, கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் நகரும் ஏற்பாடு அந்தப் பதிப்பிலேயே இருந்தது. வெறும் ஊப்ஸ் வழியில் இல்லை.

திருத்தம் ஒரே சொல். மெம்காப்பி என்ற இடத்தில் மெம்காப்பி_டூஐஓ என்று எழுதினால் போதும். இந்தச் செயல்கூறு முகவரி எட்டின் மடங்காகும் வரை பைட் பைட்டாக எழுதி, பிறகு எட்டெட்டாக எழுதி, மிச்சத்தை மீண்டும் பைட் பைட்டாக முடிக்கும். சற்று மெதுவானது, ஆனால் கெர்னல் தன் வாழ்நாளில் கடைசியாக எழுதும் நாலாயிரம் பைட்டுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. மூலக் கெர்னலில் 2016-லேயே இதே திருத்தம் செய்யப்பட்டு 4.9 பதிப்பில் வெளிவந்திருந்தது. போர்டு செய்தவர்கள் கொடுத்த பழைய கெர்னலில் அது இல்லை. நாங்கள் எடுத்துச் சேர்த்தோம். பதிவு வரத் தொடங்கியது. அந்த மகிழ்ச்சியில், விழும்போது மட்டும் எழுதாமல் கன்சோலில் வரும் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் எழுதும் கன்சோல் பகுதியையும் 4096 பைட்டில் இயக்கிவைத்தோம்.

சில மாதம் கழித்து, வடகிழக்குப் பருவமழை பிடித்திருந்த ஒரு காலையில், மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் போன் செய்தார். “தம்பி, ராத்திரி பூரா பெட்டியில விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினேன், சரியாயிடுச்சு” என்றார். “நல்ல வேளை பார்த்தீங்க அண்ணே. அடுத்த தடவை அப்படி ஆனா கழட்டாம விட்டுட்டு என்னைக் கூப்பிடுங்க” என்று கேட்டுக்கொண்டேன். அவர் செய்தது கருவிக்கு நல்லது. ஆனால் மின்சாரத்தை அறுத்ததால் டிராமில் இருந்த சான்று முழுவதும் போய்விட்டது. அடுத்த தடவை அவர் தொடாமல் கூப்பிட்டார். மழை விட்ட நேரம் பார்த்து மடிக்கணினியோடு போய்ச் சீரியல் கேபிளை மாட்டினால், பூட் தொடங்கிய கையோடு அதே அலைன்மென்ட் பிழை. ஆனால் எண் 96000021. அந்த ஒரு பிட் இப்போது 0. இந்தத் தடவை படிக்கும்போது.

எழும் கெர்னல் பழைய பதிவைப் படித்துச் சாதாரண நினைவகத்துக்கு நகலெடுக்கும் இடத்திலும் மெம்காப்பிதான் இருந்தது. அதை நாங்கள் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்றால், அது விழவே இல்லை. எங்கள் மெம்காப்பி படிக்கும் முகவரியை ஒழுங்குபடுத்திக்கொண்டுதான் படிக்கிறது என்று மேலே சொன்னேன். ஆகவே நீளமான நகல் எல்லாம் தப்பித்துவிடும். நகல் 16 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் அது ஒழுங்குபடுத்தும் படியைத் தாண்டிக் குதித்து, எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று நேரே படிக்கும். கன்சோல் பகுதி வளையமாக எழுதப்படுவது. நிரம்பிய வளையத்தைப் படிக்க இரண்டு நகல் வேண்டும்: எழுதும் இடத்தில் இருந்து கடைசி வரை ஒன்று, தொடக்கத்தில் இருந்து எழுதும் இடம் வரை மற்றொன்று. எழுதும் இடம் வளையத்தின் தொடக்கத்தைத் தாண்டி எட்டு முதல் பதினைந்து பைட்டுக்குள் நின்ற தருணத்தில் கருவி மறுதொடக்கம் ஆகியிருந்தால், இரண்டாம் நகல் அந்தச் சிறு அளவில் அமையும். பன்னிரண்டாம் பைட்டில் எட்டு பைட்டைப் படிக்கப்போய் விழும். வளையத்தின் கடைசி ஓரத்திலும் இதே போன்ற சில இடங்கள் உண்டு. மொத்தத்தில் பல நூறு மறுதொடக்கங்களில் ஒன்றுக்கு நேரக்கூடியது. மேசையில் முப்பது தடவை சோதித்துப் பார்த்து நிறைவடைந்தவர்களுக்கு இது அகப்படாது.

அகப்பட்டால் நேரும் விளைவோ முன்னதைவிடக் கொடியது. ராம்ஊப்ஸ் மிக முன்னதாகவே, எண் 1 கொண்ட முதல் செயல்முறையின் கையிலேயே, தொடங்கப்படுகிறது. அங்கே ஊப்ஸ் நேர்ந்தால் முதல் செயல்முறை சாகிறது. முதல் செயல்முறை செத்தால் கெர்னல் பேனிக் ஆகிறது. பேனிக் ஆனால் ஐந்து நொடியில் மறுதொடக்கம் என்று நாங்களே அமைத்திருந்தோம். மின்சாரம் அறுபடாத மறுதொடக்கம் என்பதால் அந்தப் பழைய பதிவு அப்படியே, அதே தொடக்க இடத்தோடு நினைவகத்தில் நிற்கிறது. எழும் ஒவ்வொரு தடவையும் அதையே படித்து அதே இடத்தில் விழுகிறது. பதிவை அழியாமல் காக்கும் அதே பண்பு, கருவியை எழவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பேட்டரி வயரைக் கழற்றுவது ஒன்றே விடுதலை.

இதற்கும் திருத்தம் ஒரு சொல்தான்: மெம்காப்பி_ஃப்ரம்ஐஓ. மூலக் கெர்னலிலும் எழுதும் பக்கத்துக்கு ஒன்று, படிக்கும் பக்கத்துக்கு ஒன்று என இரண்டு தனித் திருத்தங்களாகவே இது வந்தது, இரண்டும் 4.9-இல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டது எங்கள் தவறு. புதிய கெர்னலில் இருந்து பழையதற்குக் கொண்டுவரும் திருத்தம் எதுவானாலும், அதன் அக்கம்பக்கத்தில் அதே கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்காமல் எடுக்கக் கூடாது என்பதை அந்த மழையில் நின்றபடி கற்றுக்கொண்டோம்.

எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார்: அளவுருவை 0 என்று மாற்றிவிட்டால் போதாதா, அந்த வகை நினைவகத்தில் மடங்கு தவறினாலும் சிபியு பொறுத்துக்கொள்ளுமே? போதும்தான், பிழை மறைந்துவிடும். ஆனால் அது எங்கள் கருவியில் மறைவதே தவிர, குறியீட்டில் தீர்வதில்லை. ஐஓ நினைவகமாக வரைபடமிட்டுப் பெற்ற பாயின்டரை, அதாவது அந்த முகவரியைச் சுட்டும் மாறியை, அதற்கென உள்ள செயல்கூறுகளால் மட்டுமே தொட வேண்டும் என்பது கெர்னலின் நெடுநாள் உடன்பாடு. அந்தப் பாயின்டருக்கென்று ஒரு தனி அடையாளச் சொல்லும், அடையாளம் தவறினால் எச்சரிக்கும் ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியும் உண்டு. ராம்ஊப்ஸில் ஒரே பாயின்டர் இரண்டு வழிகளில் பிறக்கிறது: நினைவகம் கெர்னலின் கணக்கில் இருந்தால் சாதாரண வரைபடம், இல்லாவிட்டால் ஐஓ வரைபடம். இரண்டையும் ஒரே மாறியில் வைப்பதற்காக அந்த அடையாளம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அதன் பிறகு மெம்காப்பி என்று எழுதியவரை எச்சரிக்க எதுவும் இல்லாமல் போனது. எனக்குத் தெரிந்தவரை பிழையின் வேர் இந்த இடம்தான். நினைவகத்தை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட்டும் இதே வகையில் ஆபத்தானது: 64 பிட் ஆர்மில் பெரிய பகுதியைச் சுழியாக்க அது பயன்படுத்தும் தனிக் கட்டளை, சாதன நினைவகத்தில் முகவரி எப்படி இருந்தாலும் அலைன்மென்ட் பிழையைத்தான் தரும்.

விழும் நேரத்தில் ஓடும் குறியீடு மற்றக் குறியீட்டைவிடக் கடுமையான விரதங்களோடு ஓட வேண்டியிருக்கிறது என்பதைக் கெர்னலின் மற்றப் பகுதிகளிலும் பார்க்கலாம். ஊப்ஸ் அறிக்கை, விழுந்த கட்டளையைச் சுற்றியுள்ள சில சொற்களையும் அச்சிடும். ஆனால் விழுந்ததற்குக் காரணமே கெர்னல் தவறான முகவரிக்குத் தாவியதாக இருந்தால், அந்த முகவரியைப் படிக்கப்போவது இரண்டாவது விபத்து. அதனால் அங்கே சாதாரணமாகப் படிப்பதில்லை. பிழை நேர்ந்தாலும் விழாமல் திரும்பிவரும் தனிச் செயல்கூறு ஒன்றால் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கும் ஒவ்வொரு கட்டளையின் முகவரியும், அங்கே பிழை நேர்ந்தால் தாவ வேண்டிய முகவரியும் ஒரு விதிவிலக்கு அட்டவணையில் இணையாக எழுதப்பட்டிருக்கும். பிழைக் கையாளி அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, பட்டியலில் இருந்தால் சத்தமில்லாமல் மாற்று இடத்துக்கு அனுப்பிவிடும். முடியாத இடத்தில், கட்டளை முகவரி சரியில்லை என்று மட்டும் அச்சிட்டுவிட்டு அறிக்கை தொடரும். 2020-இல் 5.8 பதிப்பில் அந்தச் செயல்கூறின் பெயரையே மாற்றி, பிழையற்ற என்ற பொருள் பெயரிலேயே தெரியும்படி செய்தார்கள். பெயர் பார்த்ததும் நோக்கம் விளங்க வேண்டும் என்ற அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்தது. அச்சிடும் செயல்கூறும் இன்று, எழுத்துச்சரம் என்று கொடுக்கப்பட்ட பாயின்டர் சுழியாகவோ வெளிப்படையாகத் தவறாகவோ இருந்தால், அதைத் தொடாமல் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறது.

ராம்ஊப்ஸிலேயே இன்னொன்று. நேரம் எழுதும் அந்தத் தலைப்பு வரிக்காக, பழைய குறியீடு விழும் தருணத்தில் நினைவக ஒதுக்கீட்டாளரிடம் கை நீட்டியது. விழுந்ததற்குக் காரணமே ஒதுக்கீட்டாளரின் பட்டியல் சிதைந்ததாக இருந்தால் என்ன ஆவது? பிற்காலக் குறியீட்டில் அதற்குப் பதில் ஸ்டாக்கிலேயே 36 பைட் கொண்ட ஒரு பஃபர் இருக்கிறது. மைக்ரோ நொடியும் ஆறு இலக்கமாக, முன்சுழியோடு அச்சிடப்படுகிறது.

இரண்டு திருத்தங்களும் சேர்ந்த கெர்னலைத் தலைஞாயிற்றுக் கருவியில் ஏற்றிய பிறகு வந்த முதல் முழுப் பதிவில், முதல் பிழை யார் என்பது தெரிந்தது. சிக்னல் போய் மோடம் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும்போது, அதன் டிரைவர் ஏற்கெனவே விடுவித்துவிட்ட ஒரு பாயின்டரை மீண்டும் தொட்டிருக்கிறது. அதைத் திருத்த அரை நாள் ஆனது. அளவுருவை 0-க்கு மாற்றிவிட்டோம், திருத்தங்களையும் விட்டுவைத்திருக்கிறோம். இப்போது ஒரு போர்டு மன்னார்குடியை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால், சோதனைக்காக மட்டும் அளவுருவை மீண்டும் 1 ஆக்கி, ஒதுக்குப் பகுதியின் முதல் பதினாறு தொடக்க இடங்கள் ஒவ்வொன்றிலும், ஒன்று முதல் அறுபத்து நான்கு பைட் வரை ஒவ்வொரு நீளத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கிறோம். 1024 தடவை, ஒரு நொடிகூட ஆவதில்லை. அது முடிந்ததும் கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்து, எழுந்ததும் பதிவுக் கோப்பைத் திறந்து, முதல் வரியில் நான்கு சமக்குறிகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகே பெட்டியின் மூடியைத் திருகுகிறோம்.